துறைமுகத்தில் சும்மா நிற்கும் கப்பல் எரிக்கும் எண்ணெயை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கப்பலைத் தள்ளுவது பெரிய எஞ்சின். விளக்கு, பம்ப், சமையலறை, மீன் ஏற்றிய குளிர்ப்பெட்டி எல்லாம் ஓடுவது தனி ஜெனரேட்டரில், அதுதான் துணை மின்சாரம். பாய்லர் நீராவிக்கு.

நீராவி எதற்கு என்றால், பல கப்பல்கள் எரிக்கும் கன எண்ணெய் நம்ம ஊர் கருப்பட்டிப் பாகு மாதிரி, சூட்டில் ஓடும், ஆறினால் கரண்டியிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் தக்கலை டீக்கடை பாய்லரில் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கனல் இருப்பது போல இங்கேயும் சூடு வேண்டும். நடுக்கடலில் பெரிய எஞ்சினின் புகைச்சூடே பெரும்பாலும் அந்த வேலையைப் பார்த்துவிடும், கரைக்கு வந்ததும் பாய்லரைப் பற்றவைத்தே ஆக வேண்டும்.

சரி, கணக்கு. ஒவ்வொரு கப்பலின் அளவீடும் வெளியே கிடைக்காது. சர்வதேச கடல்சார் அமைப்பின் 2020 ஆய்வில் கப்பலின் வகை, அளவு பார்த்து, பயணம், துறைமுக நுழைவு, நங்கூரம், கரையோர நிறுத்தம் என நாலு நிலைக்கும் ஜெனரேட்டருக்கு, பாய்லருக்கு எனத் தனித்தனியாகக் கிலோவாட் போட்டிருக்கிறார்கள். அதை மணி நேரத்தால் பெருக்க வேண்டும். விழிஞ்ஞத்தில் ஒரு கன்டெய்னர் கப்பல் 1,000 கிலோவாட்டில் ஒரு நாள் நின்றால் 24,000 யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 200 கிராம் எண்ணெய் என்றால் கிட்டத்தட்ட 4.8 டன். பாய்லருக்குத் தனியாக, யூனிட்டுக்கு 300 கிராமுக்கு மேல்.

கட்டிப்போட்ட கப்பல் எண்ணெய் எரிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். நீராவிப் பம்பில் சரக்கை இறக்கும் எண்ணெய்க் கப்பலுக்குப் பாய்லர் அதிகம் எரிவதே கரையில் நிற்கும்போதுதான்.