வாசகர் கேள்வி – பதில்: முதல் வேலையின் புளொப்பிகள்

கேள்வி: 2004 இல் வவுனியாவில் ஒரு கணினி நிறுவனத்தில் ஐந்து மாதம் வேலை செய்தேன். படித்து முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. அங்கே தட்டெழுதிய கடிதங்கள், நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்த சுவர்ப்பத்திரிகை, பிரியாவிடைப் படங்கள் எல்லாம் ஏழு புளொப்பியிலும் (அந்தக் காலச் சிறு கணினித் தட்டு) ஒரு சீடியிலும் இருக்கின்றன. இடம்பெயர்ந்த இடமெல்லாம் உடுப்புப் பைக்குள் கூடவே வந்தவை. பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. திறக்கலாமா?
— வாசகி, கிளிநொச்சி

பதில்: முயன்று பார்க்கலாம், ஆனால் அவசரப்பட்டு எந்தக் கணினியிலும் போட்டுவிடாதீர்கள். புளொப்பியின் தகர மூடியை விரலால் ஒதுக்கி, பின்பக்க உலோக வட்டத்தை மெல்லச் சுற்றியபடி கறுப்புத் தட்டை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். வெள்ளைப் பொட்டோ சாம்பல் படலமோ தெரிந்தால் அது பூஞ்சணம். மாரி ஈரம் பட்ட பைகளில் இது வழமை. அப்படியே போட்டால் வாசிக்கும் முனை பூஞ்சணத்தோடு காந்தப் பூச்சையும் சுரண்டி எடுக்கும்; முனையில் ஒட்டிய அழுக்கு அடுத்த புளொப்பியையும் கீறும். காதுப் பஞ்சுக் குச்சியில் 99 வீத ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்டு, தட்டைச் சுற்றிச் சுற்றி இரு பக்கமும் அழுத்தாமல் துடையுங்கள். நன்றாகக் காயட்டும்.

அடுத்து, மூலையில் நகரும் சிறு கட்டையைத் தள்ளித் துளையைத் திறந்து விடுங்கள். துளை திறந்திருந்தால் கணினியால் அதில் எழுத முடியாது. யூஎஸ்பி புளொப்பி டிரைவை ஹப் வழியாக அல்ல, நேரே கணினியில் செருகுங்கள். ‘ஃபோர்மட் செய்யவா’ என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதை விட, முழுப் புளொப்பியையும் ஒரே பிரதியாக எடுப்பது நல்லது. லினக்ஸில் டீடீரெஸ்கியூ என்ற செயலி இதைச் செய்யும். 1.44 எம்பி புளொப்பியின் முழுப் பிரதி சரியாக 1,474,560 பைற் இருக்க வேண்டும். கிறீச்சென்று உரசும் சத்தம் கேட்டால் உடனே வெளியே எடுத்து, மறுபடி துடையுங்கள். டிரைவின் முனையையும் துடைக்க மறக்கவேண்டாம்.

கோப்பு திறந்ததும் தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கிலக் குப்பை தெரியும். ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று கிடக்கும். அழிந்துவிட்டதென்று பயப்படாதீர்கள், அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியது. அந்த எழுத்துருவை நிறுவினால் கடிதம் அப்படியே எழுந்து வரும். இன்று எல்லாக் கணினியிலும் ஓடும் யூனிகோடு முறைக்கு மாற்றும்போதுதான் கவனம் தேவை. பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் தட்டப்படும், யூனிகோடில் பின்னால் வரும். ஆகவே ஒவ்வோர் எழுத்தாகத் தேடி மாற்றினால் சொல் குலையும். பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிச் செயலியைப் பயன்படுத்துங்கள். ஆங்கில வரிகளை அதில் போடாதீர்கள், அவையும் தமிழாகக் குழம்பும். பாமினியில் ‘இ’ இருப்பது காற்புள்ளி விசையில், அதனால் மாற்றும்போது காற்புள்ளிகளும் ‘இ’ ஆகிவிடும். ‘வவுனியாஇ மாங்குளம்இ கிளிநொச்சி’ என்று எத்தனை அறிவித்தல்களில் பார்த்திருப்பீர்கள்! மாற்றியபின் காற்புள்ளிகளை ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள்.

சுவர்ப்பத்திரிகை பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்புச் செயலியில் செய்ததென்றால், அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனின் புதிய பதிப்புகள் திறக்காது. இன்டிசைன் சீஎஸ்6 வரையான பதிப்புகள் பேஜ்மேக்கர் 6 இலும் அதற்குப் பிந்திய பதிப்புகளிலும் செய்த கோப்புகளைத் திறக்கும். சீடியை நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். பெயர் எழுதிய பக்கத்தில் கீறல் விழுந்திருந்தால்தான் கவலை, தகவலைத் தாங்கும் படலம் அதற்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. ஒரு டிரைவ் வாசிக்காததை இன்னொன்று வாசிக்கலாம். இரண்டு மூன்றில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: அந்த ஐந்து மாதச் சம்பளத்தில் சேமலாப நிதிக்குக் கழித்தார்கள். குறுகிய வேலைக்கும் பணம் இருக்குமா?
— அதே வாசகி

பதில்: நிறுவனம் கட்டியிருந்தால் இருக்கும். உங்கள் 8 வீதமும் அவர்களின் 12 வீதமும் வட்டியோடு கணக்கில் கிடக்கும். பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். தேசிய அடையாள அட்டையோடும், பழைய சம்பளச் சிட்டையிலுள்ள அங்கத்துவ இலக்கத்தோடும் தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள். சிட்டை தொலைந்திருந்தால் அந்தப் புளொப்பிகளில் நியமனக் கடிதம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.