அவசரகால ரேடியோ கேட்க முதலில் என்ன வாங்கலாம்? சேலம், ஏற்காடு கேள்விகளுக்குப் பதில்கள்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அதற்குப் பிறகு ஒரே கேள்வி பல வடிவங்களில் வருகிறது: போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ்காரர்கள் பேசுவதைக் கேட்டால் நிலவரம் உடனே தெரியுமே, அதற்குக் கையடக்க ஸ்கேனர் (பல அலைவரிசைகளை மாற்றி மாற்றித் தேடிக் கேட்கும் ரேடியோ) எது வாங்கலாம்? வந்த கேள்விகளைச் சேர்த்து வைத்து இங்கே பதில் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டியிலிருந்து: யூனிடன் பிசி125ஏடி, ஐகாம் ஐசி-ஆர்6 இரண்டில் எது நல்லது, சார்? போலீஸ் மைக்கும் தீயணைப்பும் கேட்க வேண்டும்.

மாடலுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் சட்டம். நம் நாட்டில் போலீஸ் மைக்கில் போகும் பேச்சைப் பொதுமக்கள் கேட்க அனுமதி கிடையாது. தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இன் 42ஆம் பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிறருக்கான செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறித்தால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதில் இருக்கிறது. இது போக, ஒலிபரப்பு கேட்கும் சாதாரண ரேடியோவைத் தவிர மற்ற வயர்லெஸ் கருவியை உரிமம் இல்லாமல் கையில் வைத்திருப்பதையே 1933ஆம் ஆண்டின் வயர்லெஸ் தந்திச் சட்டம் தடுத்தது. ஸ்கேனரும் அந்த வகையில்தான் வரும். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்கத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பது இதனால்தான்.

அதனால் போலீஸ் அலைவரிசை எதையும் இங்கே எழுத மாட்டேன், தனியாகக் கேட்டாலும் தர மாட்டேன். ஸ்கேனரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எப்போது, எதற்குப் பயன்படும் என்பது கீழே வருகிறது.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: டெக்சாஸில் இருக்கும் என் அத்தை மகன் தீயணைப்பு வண்டிகள் பேசுவதைத் தினமும் கேட்கிறான். அங்கே மட்டும் எப்படி முடிகிறது?

அந்த நாட்டுச் சட்டம் வேறு. 1986-இல் வந்த அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், எல்லாரும் கேட்கும்படி திறந்த நிலையில் போகும் போலீஸ், தீயணைப்புப் பேச்சைக் கேட்க இடம் கொடுக்கிறது. செல்போன் பேச்சுக்கு அந்த இடம் இல்லை. பிரிட்டனில் ஸ்கேனர் கடையிலேயே கிடைக்கும், ஆனால் பொது ஒலிபரப்பு, ஹாம் (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிறவர்கள்) போன்றவை தவிர மற்றதைக் கேட்பது அங்கேயும் குற்றம். ஆகவே இணையத்தில் படிக்கும் ஸ்கேனர் விமர்சனங்களில் பெரும்பாலானவை அமெரிக்க வாசகருக்கு எழுதியவை என்பதை மனதில் வையுங்கள். "பி25 டிரங்கிங் (அங்கே போலீஸ் பேசும் டிஜிட்டல் முறை) வேண்டும், எஸ்டிஎஸ்100 ஸ்கேனர் வாங்கு" என்ற யோசனை அந்த ஊர் அமைப்புக்குப் பொருந்தும். சேலத்தில் அந்தப் பணத்தைக் கொட்டுவது வீண்.

இன்னொன்று. நம் 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு அழைப்புத் தகவல் பெரும்பாலும் கைபேசி வழியாகத்தான் போகிறது. எந்த ஸ்கேனர் வாங்கினாலும் அதைப் பிடிக்க முடியாது.

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி: ஆன்லைனில் பாவ்ஃபெங் யூவி-5ஆர் மலிவாகக் கிடைக்கிறது அண்ணா. பேசும் பொத்தானைத் தொடவே மாட்டேன், கேட்க மட்டும்தான். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அது ஒலி அனுப்பும் கருவி. 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 400 முதல் 520 வரையிலும் எங்கே திருப்பினாலும் அனுப்பும். பையில் வைக்கும்போது பொத்தான் அழுந்தினால் போதும். அந்த அலைவரிசையில் பேசுகிறவர் குரலின் மேல் உன் சட்டைப்பை உரசும் சத்தம் ஏறிவிடும். எஃப்எம் முறையில் வலுவான சிக்னல் மெலிந்ததை முழுசாக அமுக்கிவிடும் என்பதால், மண்சரிவில் சிக்கியவரைத் தூக்கிக்கொண்டு ஒருவர் உதவி கேட்கும் நேரத்தில் அவர் குரலே மறுமுனைக்குப் போகாது. இதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன், நீயும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் நாட்டில் உரிமம் இல்லாமல் கையடக்க வாக்கி டாக்கிக்கு விட்டிருக்கும் இடம் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை. அதிலும் குறைந்த சக்தி, சான்று பெற்ற கருவி என்ற நிபந்தனை உண்டு. 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளுக்கு வழிகாட்டு நெறிமுறை கொடுத்தது. கருவி எந்த அலைவரிசையில் இயங்குகிறது என்பதை விற்பனைப் பக்கத்தில் காட்டியாக வேண்டும். அந்த விவரம் இல்லாத பக்கத்தில் எதையும் வாங்காதே.

ஏற்காட்டிலிருந்து, காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஓர் அக்கா: மழைக்காலத்தில் கரண்ட் போய், அடுத்து டவரும் போய்விடுகிறது. மலைப்பாதை திறந்திருக்கிறதா என்றுகூடத் தெரிவதில்லை. எங்களுக்கு ஏதாவது வழி உண்டா?

வந்த கேள்விகளிலேயே இதுதான் எனக்கு முக்கியமானது அக்கா. போலீஸ் பேச்சைக் கேட்பதால் உங்களுக்கு வேண்டியது கிடைக்காது. அவர்கள் பேசுவது துண்டு துண்டாக, அவர்களுக்குப் புரியும் சுருக்கத்தில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது மழை எச்சரிக்கை, பாதை நிலவரம், வெளியே ஆள் தொடர்பு இந்த மூன்றும்.

டவர் இருக்கும்வரை 1077-ஐ அழைத்தால் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையில் பேசலாம். மாநில அறைக்கு 1070. டவர் போன பிறகு கை கொடுப்பது ரேடியோதான். நான் சொல்லும் முதல் கருவி, எஸ்எஸ்பி வசதியுள்ள சிற்றலை ரேடியோ. டெக்சன் பிஎல்-330 அல்லது எக்ஸ்எச்டேட்டா டி-808 மாதிரி. எஃப்எம், மத்திய அலை, சிற்றலை மூன்றும் அதில் வரும். பிஎல்-330-க்கு பழைய நோக்கியாவில் போட்ட பிஎல்-5சி பேட்டரிதான், கூடுதலாக ஒன்று வாங்கிச் சார்ஜ் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

உயரம் உங்களுக்குச் சாதகம். எஃப்எம் அலை நேர்கோட்டில் போவது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தடுப்பு இல்லாத திசையில், தர்மபுரி வானொலியின் 102.5, கொடைக்கானலின் 100.5 ஆகியவற்றை அங்கே தேடிப் பாருங்கள். மழை நாளில் செய்தி நேரத்துக்கு மட்டும் போட்டுவிட்டு அணைத்தால் பேட்டரி நாள் கணக்கில் நிற்கும்.

எஸ்எஸ்பி எதற்கு என்றால், ஹாம் வானொலிக்காரர்கள் பேசுவதைக் கேட்க. 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதிக்குப் போய், எஸ்எஸ்பி-யில் எல்எஸ்பி என்ற வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் குரல் புரியாத முனகலாக இருக்கும். நுண்சுழற்றியை (ஃபைன் டியூனிங்) மெதுவாகத் திருப்புங்கள். குரல் கீச்சென்று மேலே போனால் எதிர்ப்பக்கம், கட்டையாக இறங்கினால் மறுபடி இந்தப் பக்கம். நடுவில் ஓரிடத்தில் சட்டென்று மனிதக் குரலாகிவிடும். காலை நேரத்தில் இந்த அலைவரிசை சில நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்கு நன்றாக எடுக்கும். சென்னை, பெங்களூரு, கேரளம் எல்லாம் இந்த எல்லைக்குள்தான். உச்சி வெயிலில் மெலியும், இரவில் தூரத்து நாடுகள் வந்து மோதும்.

ஹாம்கள் பேசுவது ஊரறியப் பேசும் பேச்சு. சங்கேதத்தில் பேச அவர்களுக்கே அனுமதி இல்லை. 2004 சுனாமியில் அந்தமானின் தொலைபேசித் தொடர்பு அறுந்தபோது, வேறு வேலையாக அங்கே போயிருந்த ஹாம் குழு போர்ட் பிளேரிலிருந்து பெயர் பெயராகச் செய்தி அனுப்பியது. பாரதி பிரசாத் என்பவர்தான் அதை முன்னின்று நடத்தினார், அவருடைய அழைப்புக்குறி வியூ2ஆர்பிஐ. அப்படிப்பட்ட நாளில் கையில் ஒரு எஸ்எஸ்பி ரேடியோ இருந்தால் நீங்களும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

சூரமங்கலத்திலிருந்து: அந்த மாதிரி ரேடியோ என்னிடம் இருக்கிறது. வீட்டுக்குள் ஒரே இரைச்சல். ரேடியோ கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் ரேடியோவில் குறை இருக்காது. இரவு ஒன்பது மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்து, பேட்டரியில் ரேடியோவை வைத்துப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று இறங்கினால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்இடி பல்பு, மலிவான செல் சார்ஜர், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கண்டுபிடியுங்கள். இறங்கவில்லை என்றால் பக்கத்துத் தறிக்கூடமோ தெரு விளக்கோ காரணமாக இருக்கலாம். அதற்கு மொட்டை மாடிதான் மருந்து. ஐந்தாறு மீட்டர் சாதாரண வயரைக் கட்டி, ரேடியோவின் ஆன்டெனா துளையில் சேருங்கள். ஈபி சர்வீஸ் லைன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. இடி இடித்தால் வயரைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். சித்திரை வைகாசியில் மாலை இடி நம் ஊரில் எப்படி வரும் என்று தெரியும்தானே.

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர்: டி-808-இல் ஏர் பேண்ட் இருக்கிறதே. காமலாபுரத்தில் இறங்கும் விமானத்தைக் கேட்கலாமா?

கருவியால் முடியும் ஐயா. விமானப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை ஏஎம் முறையில் போகிறது, யூவி-5ஆர் போன்ற எஃப்எம் செட்டில் அது சரியாகக் கேட்காது. ஆனால் விமானி கோபுரத்தோடு பேசுவதும் பொது ஒலிபரப்பு கிடையாது, மேலே சொன்ன சட்டம் இதற்கும் பொருந்தும். எக்காரணம் கொண்டும் அதைப் பதிவு செய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஓமலூரிலிருந்து: எனக்கு 14 வயது. ஹாம் ஆக முடியுமா?

தாராளமாக. 12 வயது முடிந்தாலே ரெஸ்ட்ரிக்டட் கிரேடு தேர்வு எழுதலாம், மோர்ஸ் தேவையில்லை. ரேடியோ அடிப்படை ஒரு பகுதி, விதிமுறைகள் இன்னொரு பகுதி. பத்தாம் வகுப்பு இயற்பியல் கைகொடுக்கும். ஜெனரல் கிரேடுக்கு மட்டும் நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில் விண்ணப்பிக்கலாம். தேறினால் வியூ3 என்று தொடங்கும் அழைப்புக்குறி வரும். வீட்டில் அப்பா அம்மாவையும் சேர்த்துப் படிக்கச் சொல், அவர்களும் எழுதட்டும்.

கொண்டலாம்பட்டியிலிருந்து: ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் மலிவு என்கிறார்களே?

கணினியில் செருகிக் கேட்கும் சின்ன ரிசீவர் அது. ஏறக்குறைய 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை அலைகளைத் திரையில் பார்த்துக் கற்க அதைவிட நல்ல ஆசான் இல்லை. ஆனால் மடிக்கணினியோ செல்போனோ கூட வேண்டும், கரண்ட் போன வீட்டில் அது சீக்கிரம் படுத்துவிடும். உரிம விஷயம் இதற்கும் அப்படியே. உரிமம் வரும்வரை இணையத்தில் பொதுவில் திறந்திருக்கும் எஸ்டிஆர் ரிசீவர்களில் பழகுங்கள். செலவே இல்லை.

மறுபடி அஸ்தம்பட்டி: சரி சார், ஹாம் உரிமம் வாங்கிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதாவது அந்த இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

இப்போது சொல்லலாம். உரிமம் இருந்தாலும் போலீஸ் சேனலுக்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது, ஹாம் பகுதிகளைக் கேட்கத்தான் இந்தக் கருவி. இறக்குமதி விதியையும் விசாரித்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

முதல் ஸ்கேனருக்கு என் தேர்வு பிசி125ஏடி. 500 சேனல், 50 வீதம் 10 தொகுப்பு. ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி வைக்கலாம். இருட்டில், மழையில், எண்ணைப் பார்த்து யோசிக்காமல் "ஹாம் 2 மீட்டர்" என்று திரையில் படிக்க முடிவது பெரிய உதவி. இரண்டு ஏஏ பேட்டரி போதும், அது எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆன்டெனா முனை பிஎன்சி என்பதால் திருகிக் கழற்றி வேறொன்று மாட்டுவது சுலபம். ஐசி-ஆர்6 இன்னும் சிறியது, 1300 மெகாஹெர்ட்ஸ் வரை விரியும், மத்திய அலையும் சிற்றலையும் கேட்கும். ஆனால் எஸ்எஸ்பி கிடையாது, பொத்தான் வரிசை புதியவரைக் குழப்பும். இரண்டுமே டிஜிட்டல் பேச்சைப் பிரித்துத் தராது, கரகரப்புதான் வரும்.

கூட வரும் ரப்பர் ஆன்டெனாவை மாற்றுவது மாடல் மாற்றுவதைவிட அதிகம் பலன் தரும். 7500-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலை ஆன்டெனாவின் நீளம் சென்டிமீட்டரில் வரும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 52, நடைமுறையில் 49, 50 என்று வெட்டுவோம்.

இடமும் பாருங்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். மொட்டை மாடி 10 மீட்டர் என்றால் 13 கிலோமீட்டர். ஏற்காட்டின் விளிம்பு, கீழே உள்ள சமவெளியிலிருந்து சுமார் 1,200 மீட்டர் என்றால் 140-ஐத் தாண்டும். சேலத்தைச் சுற்றி சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று நிற்பதால் நகரத்துக்குள் கணக்குச் சொல்லும் தூரம் எல்லாத் திசையிலும் கிடைக்காது. ஏற்காட்டின் லேடீஸ் சீட்டில் நின்று கேட்டதையும் வீட்டில் கேட்பதையும் ஒப்பிட்டுக் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலே போகும்போது 145.800-இல் வைத்துப் பாருங்கள், அங்கே ஹாம் நிகழ்ச்சி நடக்கும் நாளில் மலை குறுக்கே வராது.

ஆத்தூரிலிருந்து: பழைய செட் ஒன்று கைமாறி வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

விற்பவர் பெயரில் உரிமமும் வாங்கிய ரசீதும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இல்லை என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். இருந்தால் பேட்டரிக் குழியைத் திறந்து பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா பாருங்கள். ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் கட்டுப்பாடு) முழுக்கத் திறந்து இரைச்சல் கேட்டு, மெதுவாக மூடும்போது கரகரக்காமல் ஒரே இடத்தில் அடங்க வேண்டும். ஆன்டெனா முனையைப் பிடித்து லேசாக அசையுங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் உள்ளே பற்றவைப்பு விட்டிருக்கிறது என்று பொருள், விலையைக் குறைத்தாலும் வாங்க வேண்டாம்.