கவரேஜ் 94% என்கிறது, பாதிக் கோப்புக்கு டெஸ்ட்டே இல்லை!

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட் ஒன்றில் ஜெஸ்ட் என்ற கருவியை வைத்து டெஸ்ட் எழுதுகிறோம். கவரேஜ் ரிப்போர்ட் (டெஸ்ட்கள் ஓடும்போது நம் கோடில் எத்தனை சதவீதம் ஓடியது என்ற கணக்கு) வேண்டும் என்று மேலாளர் கேட்டார். ஜெஸ்ட் கட்டளையோடு கவரேஜ் ஃப்ளாக் சேர்த்து ஓட்டினேன், 94% என்று வந்தது. ஆனால் பாதிக் கோப்புகளுக்கு நாங்கள் டெஸ்ட்டே எழுதவில்லை. இது எப்படி? ஒழுங்காக எப்படி அமைப்பது?

பதில்: சந்தேகப்பட்டது ரொம்ப நல்லது, பலர் அந்த எண்ணை அப்படியே ஸ்லைடில் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். வேறெதுவும் சொல்லாமல் கவரேஜ் மட்டும் கேட்டால், டெஸ்ட் ஓடும்போது எந்தெந்தக் கோப்புகள் இம்போர்ட் ஆயினவோ அவற்றை மட்டும்தான் ஜெஸ்ட் கணக்கில் எடுக்கும். எந்த டெஸ்ட்டும் தொடாத கோப்பு அதன் கண்ணிலேயே படாது. தேர்வு எழுத வந்தவர்களை மட்டும் வைத்து வகுப்பின் தேர்ச்சி விகிதத்தைப் போடுகிற மாதிரி.

சரிசெய்வது சுலபம். ஜெஸ்ட் கன்ஃபிக் கோப்பில் கலெக்ட்கவரேஜ்ஃப்ரம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதற்கு ஓர் அரே கொடுக்க வேண்டும். முதலில் உங்கள் சோர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் எல்லா ஜேஎஸ், டிஎஸ் கோப்புகளையும் குறிக்கும் பேட்டர்ன், அப்புறம் வேண்டாதவை (டைப் அறிவிப்பு மட்டும் இருக்கும் கோப்புகள், டெஸ்ட்டுக்கென்று எழுதிய உதவிக் கோப்புகள் போன்றவை) ஒவ்வொன்றும் முன்னால் ஆச்சரியக்குறியோடு. இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். பேட்டர்ன்களை எழுதிய வரிசையிலேயே ஜெஸ்ட் பொருத்திப் பார்ப்பதால், விலக்குவதை முதலில் எழுதினால் பின்னால் வரும் 'எல்லாம்' அதை அடித்துவிடும். வெளி லைப்ரரிகள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரைப் பற்றிக் கவலை வேண்டாம், அது தானாகவே விலக்கப்பட்டிருக்கும்.

இப்போது ஓட்டிப் பாருங்கள், டெஸ்ட் இல்லாத கோப்புகள் எல்லாம் 0% என்று வரிசையில் வந்து நிற்கும், மொத்த எண் தடாலென்று இறங்கும். பயப்பட வேண்டாம், உங்கள் ப்ராஜெக்டின் உண்மையான நிலை அதுதான், மேலாளரிடம் கொடுக்க வேண்டிய எண்ணும் அதுதான். என்பிஎம் வழியாக ஓட்டுகிறீர்கள் என்றால் கவரேஜ் ஃப்ளாக்குக்கு முன் தனியாக இரண்டு சிறுகோடு (--) போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஃப்ளாக்கை என்பிஎம்மே எடுத்துக்கொள்ளும், ஜெஸ்ட் வரை போகாது.

டெர்மினலில் வரும் அட்டவணையோடு நின்றுவிடாதீர்கள். கவரேஜ் என்று ஒரு ஃபோல்டர் உருவாகியிருக்கும், அதற்குள் எல்கவ் ரிப்போர்ட் ஃபோல்டரில் இருக்கும் இண்டெக்ஸ் கோப்பை பிரவுசரில் திறங்கள். ஓடாத வரிகள் சிவப்பில் இருக்கும், ஓடிய வரிகளின் பக்கத்தில் எத்தனை முறை ஓடியது என்று எழுதியிருக்கும். நான் முதலில் தேடுவது ஒரு இஃப் பக்கத்தில் வரும் சின்ன ஆங்கில 'E' அடையாளத்தைத்தான். எல்ஸ் வழியில் எந்த டெஸ்ட்டும் போகவில்லை என்பது அதற்கு அர்த்தம்.

ரிப்போர்ட்டில் பிராஞ்ச் (கோடு பிரிந்து போகும் வழிகள்) என்ற பத்தியை அதனால்தான் கவனிக்கச் சொல்கிறேன். உதாரணமாக, உறுப்பினர் என்றால் விலையில் பத்து சதவீதம் குறைத்து, பிறகு விலையைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. உறுப்பினரை வைத்து ஒரே ஒரு டெஸ்ட் எழுதினாலே எல்லா வரிகளும் ஓடிவிடும், லைன் கவரேஜ் 100%. உறுப்பினர் இல்லாதவருக்கு என்ன விலை வருகிறது என்று யாரும் பார்க்கவே இல்லை! பிராஞ்ச் கவரேஜ் மட்டும்தான் 50% என்று அதைச் சொல்லும். எல்ஸ் எழுதாத இஃப்பும் இரண்டு வழி என்றே எண்ணப்படும், டெர்னரி (ஒரே வரியில் எழுதும் இஃப்-எல்ஸ்), டிஃபால்ட் ஆர்கியுமெண்ட் எல்லாம்கூட இந்தக் கணக்கில் வரும்.

கடைசியாக, அதே கன்ஃபிக் கோப்பில் கவரேஜ்த்ரெஷோல்ட் என்ற அமைப்பு. குளோபல் என்பதன் கீழே பிராஞ்ச், ஃபங்ஷன், லைன், ஸ்டேட்மெண்ட் நான்குக்கும் குறைந்தபட்ச எண் கொடுத்தால், அதற்குக் கீழே போகும்போது ஜெஸ்ட் தோல்வி என்று முடியும், சிஐ-யும் (கோடு சேரும்போது டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் அமைப்பு) நிற்கும். இன்று 61% இருந்தால் 60 என்று வையுங்கள், ஏற ஏற நீங்களும் ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் 80 என்று வைத்தால் முதல் வாரமே யாராவது அந்த வரியைக் கமெண்டாக்கி முடக்கிவிடுவார்கள். ஒரே ஒரு டெஸ்ட் கோப்பைக் கவரேஜோடு ஓட்டினாலும் இந்த வரம்பு பாயும், அப்போது தோல்வி வந்தால் திகைக்க வேண்டாம். கவரேஜ் ஃபோல்டரை கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ள வேண்டாதவற்றின் பட்டியல்) சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் டீமில் 100% கவரேஜ் கட்டாயம் என்கிறார்கள். இது சரியா?

பதில்: எனக்கு உடன்பாடில்லை. கவரேஜ் எப்படி எண்ணப்படுகிறது என்று பார்த்தாலே காரணம் புரியும். ஜெஸ்ட்டின் இயல்பான அமைப்பில், இஸ்தான்புல் என்ற கருவி, கோடை மாற்றி எழுதும் பேபல் வழியாக உங்கள் கோடின் ஒவ்வொரு ஸ்டேட்மெண்ட்டுக்கும் ஒரு கவுண்டரைச் செருகுகிறது, அந்த இடம் ஓடினால் கவுண்டர் ஒன்று கூடும், அவ்வளவுதான். வந்த விடை சரியா என்று யாராவது ஒப்பிட்டார்களா என்பது கவுண்டருக்குத் தெரியாது. நான் பார்த்த ஒரு ப்ராஜெக்டில் கட்டணம் கணக்கிடும் ஃபங்ஷனை டெஸ்ட் கூப்பிட்டது, விடையைச் சரிபார்க்கும் எக்ஸ்பெக்ட் என்று ஒரு வரிகூட அதில் இல்லை, கவரேஜ் 100%, கணக்கோ தப்பு. கட்டாயம் என்று வந்துவிட்டால் மக்கள் இப்படித்தான் எண்ணுக்காக எழுதுவார்கள். பணம், அனுமதி சம்பந்தப்பட்ட ஃபோல்டர்களுக்கு மட்டும் த்ரெஷோல்டில் தனிப் பாதை கொடுத்து உயர்ந்த எண் வைக்கலாம், ஜெஸ்ட் அதை அனுமதிக்கிறது. டெஸ்ட்கள் உண்மையில் எதையாவது பிடிக்கின்றனவா என்று பார்க்க ஸ்ட்ரைக்கர் என்ற மியூட்டேஷன் டெஸ்டிங் கருவி இருக்கிறது. அது கோடில் வேண்டுமென்றே தவறுகளைப் புகுத்தி, எந்த டெஸ்ட் அலறுகிறது என்று பார்க்கும். மெதுவாகத்தான் ஓடும், முக்கியமான ஃபோல்டருக்கு மட்டும் ஓட்டுங்கள்.

கேள்வி: கவரேஜ் இல்லாமல் ஓட்டினால் எல்லா டெஸ்ட்டும் பாஸ். கவரேஜோடு ஓட்டினால் பப்பெட்டியர் (பிரவுசரைக் கோடால் இயக்கும் கருவி) டெஸ்ட்டில் மட்டும் 'கவ்' என்று தொடங்கும் ஏதோ வேரியபிள் இல்லை என்று எரர் வருகிறது. நான் அப்படி எதுவும் எழுதவில்லையே?

பதில்: மேலே சொன்ன கவுண்டர்தான் அது. பிரவுசருக்குள் ஓட்டுவதற்காக பேஜ் எவால்யுவேட்டுக்கு நீங்கள் கொடுக்கும் ஃபங்ஷன் எழுத்தாக மாறி பிரவுசருக்குள் போகிறது, செருகப்பட்ட கவுண்டரும் கூடவே போகிறது, ஆனால் அந்த வேரியபிள் இருப்பது டெஸ்ட் ஓடும் நோட் சூழலில். அந்த ஃபங்ஷனுக்கு முன்னால் இஸ்தான்புல் இக்னோர் நெக்ஸ்ட் என்று பிளாக் கமெண்ட் போட்டால் அங்கே கவுண்டர் செருகப்படாது. இல்லையென்றால் கன்ஃபிக்கில் கவரேஜ்ப்ரொவைடரை வி8 என்று மாற்றுங்கள், அது கோடில் எதையும் செருகாமல் கோடை ஓட்டும் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினிடமே கேட்டு எண்ணுகிறது. மாற்றினால் சதவீதங்கள் கொஞ்சம் வேறாக வரும், த்ரெஷோல்டையும் ஒரு முறை பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.