சாவி யார் பையில் இருக்கிறது?

கேள்வி: ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். போன வாரம் என் ஆள் கன்வேயருக்குள் இருந்தபோது, நிறுவனத்தின் ஆபரேட்டர் மோட்டாரைப் போட்டுவிட்டார். நல்லவேளை, பையன் கையை இழுத்துக்கொண்டான். கேட்டால், "உங்கள் ஆட்களின் பாதுகாப்பு உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதே" என்கிறார்கள். அழுத்திப் பேசினால் அடுத்த வேலை கிடைக்காதோ என்று பயம். என்ன செய்வது?

பதில்: மோட்டாரைப் போட்டது அவர்கள் ஆள். அதையும் உங்கள் தலையில் கட்டுகிறார்களே, கெட்டிக்காரர்கள்தான்! ஆட்களுக்குப் பயிற்சி, வெல்டிங் மெஷினின் நிலை இதெல்லாம் உங்கள் பாடு, சரி. ஆனால் எந்த சுவிட்ச் எதை ஓட்டும், எந்தக் குழாயில் முன்பு என்ன ஓடியது என்பதெல்லாம் அவர்களுக்குத்தானே தெரியும்? ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் நிறுவனங்கள் பாதுகாப்பில் ஒத்துழைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை 1981லேயே சொல்லிவிட்டது.

வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று நடந்ததைச் சொல்லிக் காட்டுங்கள். ஒப்பந்தப் பணியாளர்கள் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, அந்த இடத்தைத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். வேலை முடியவில்லை. பெர்மிட், அதாவது வேலைக்கான அனுமதிச் சீட்டு, எழுதித்தான் இருந்தது. இரவு ஷிஃப்ட்காரர்களுக்கு விஷயம் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றதும் இதை ஓட்டினார்கள். தகடு வைத்த இடத்தில் வாயு கசிந்து வெடித்தது. தீயில் 167 பேர் போனார்கள்.

ஆகவே காகிதத்தோடு பூட்டையும் கேளுங்கள். மெயினை அணைத்ததும் அவர்களுடைய எலக்ட்ரீஷியன் ஒரு பூட்டுப் போடட்டும். உள்ளே போகும் உங்கள் ஆள் ஒவ்வொருவரும் தனிப் பூட்டுப் போடட்டும். சாவி அவரவர் பையில். அப்புறம் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்து, ஓடவில்லை என்று உறுதியான பிறகே உள்ளே இறங்க வேண்டும். வெறும் அட்டை தொங்குவதும், "ஆஃப் பண்ணியாச்சு" என்று யாரோ குரல் கொடுப்பதும் போதாது.

போன வார விஷயத்தை இப்போதே எழுத்தில் கொடுங்கள். யாரையும் குறை சொல்லாமல் நடந்ததை மட்டும் எழுதி, தினமும் வேலைக்கு முன் இரு தரப்பு மேற்பார்வையாளர்களும் சேர்ந்து இடத்தைச் சுற்றிப் பார்க்கலாமே என்று முடியுங்கள். பூட்டுக்கு மறுத்தால் ஆளை உள்ளே அனுப்பாதீர்கள், ஒப்பந்தம் போனாலும் சரி.

உங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஆபத்து என்று வேலையை நிறுத்துகிறவனுக்கு அன்றைய கூலியைப் பிடிக்க மாட்டேன் என்று ஆட்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நீங்கள் துணை ஒப்பந்தத்தில் கூட்டி வரும் ஆட்களுக்கும் சேர்த்துத்தான்.