கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவனுக்கு இலக்கிய வகுப்பு சுமையா?

கேள்வி: என் மகனுக்கு அமெரிக்காவில் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் கிடைத்திருக்கிறது. அங்குள்ள பாரெட் ஹானர்ஸ் கல்லூரியிலும் சேரச் சொல்கிறார்கள். முதல் வருடமே இலக்கியம், தத்துவம் எல்லாம் கட்டாயமாம். தனிக் கட்டணம் வேறு. கோடிங் படிக்கப் போகிறவனுக்கு இது தேவையா? சினிமா பாடம் எடுத்தால் மார்க் சுலபமாக வரும் என்கிறான், உண்மையா? — கோவையிலிருந்து ஒரு தந்தை

பதில்: இது நம்மூர் பி.ஏ. ஹானர்ஸ் மாதிரி இல்லை. அங்கே ஹானர்ஸ் கல்லூரி என்பது ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்குள் இயங்கும் சின்னக் கல்லூரி. எந்தத் துறை மாணவரும் அதில் சேரலாம், பட்டம் அவரவர் துறையில்தான். உங்கள் மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரியாகத்தான் வெளியே வருவான். பாரெட் 1988-இல் தொடங்கியது.

முதலாண்டிலேயே சேருகிறவர் 36 ஹானர்ஸ் கிரெடிட் (பாடம் முடித்தால் கணக்கில் சேரும் புள்ளி) முடிக்க வேண்டும், கடைசியில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும், ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 3.25-க்குக் கீழே போகக்கூடாது. 36 என்றதும் பயப்பட வேண்டாம். பட்டத்துக்கு எப்படியும் தேவைப்படும் 120 கிரெடிட்டுக்குள்ளேயே பெரும்பகுதி அடங்கிவிடும். சாதாரண கம்ப்யூட்டர் வகுப்பிலேயே ஆசிரியரோடு பேசி, கூடுதலாக ஒரு வேலை செய்து கொடுத்து, அதை ஹானர்ஸ் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் வழியும் உண்டு. ஆய்வேட்டையும் அவன் துறையிலேயே எழுதலாம்.

நீங்கள் கட்டாயம் என்று சொல்வது 'தி ஹியூமன் ஈவென்ட்' என்ற இரண்டு செமஸ்டர் வகுப்பை. ஏறக்குறைய 20 பேர் சுற்றி உட்கார்ந்து, பழங்காலப் பிரதிகளில் தொடங்கி இன்றைய காலம் வரை படித்துப் பேசுவார்கள். மெசபடோமியக் காவியமான கில்காமெஷும் கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவும் வரலாம், பகவத் கீதையும் வரலாம். பட்டியல் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். மதிப்பெண் பெரும்பாலும் இரண்டு விஷயங்களுக்குத்தான்: வகுப்பில் பேசுவது, கட்டுரை எழுதுவது.

நம் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். பன்னிரண்டு வருடம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுப் பழகியவன், வாய் திறக்காவிட்டால் மார்க் போகும் என்ற வகுப்பில் முதல் மாதம் திணறத்தான் செய்வான். புத்தகத்தை முழுக்கப் படித்திருப்பான், ஆனால் பேச மாட்டான். இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. ஒவ்வொரு வகுப்புக்கும் போகுமுன், தனக்குப் புரியாத ஒரு பத்தியையும் தான் மறுக்க நினைக்கும் ஒரு கருத்தையும் குறித்துக்கொண்டு போகட்டும். அதைக் கேட்டுவிட்டாலே அன்றைய பங்கு முடிந்தது.

கட்டுரையும் அப்படித்தான். கதைச்சுருக்கம் எழுதினால் மார்க் வராது. ஒரு வாதத்தை முன்வைத்து, பிரதியிலிருந்தே வரி காட்டி நிறுவ வேண்டும். அடுத்தவர் கருத்தை ஆதாரம் சொல்லாமல் எடுத்தாண்டால் அங்கே அது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம். ஏ.ஐ. கருவிகளை எந்த அளவு பயன்படுத்தலாம் என்பதைப் பாடத்திட்டத்தில் முதல் நாளே படித்துவிடச் சொல்லுங்கள். பாரெட்டில் கட்டுரைக்கு உதவவே தனி எழுத்து மையம் இருக்கிறது, வெட்கப்படாமல் போகலாம்.

சினிமா பாடம் சுலபம் என்பது எல்லா ஊரிலும் உலவும் வதந்தி. படம் பார்க்கும் நேரமே வாரத்துக்கு இரண்டு மூன்று மணி ஆகும், அதற்கு மேல் வாசிப்பு. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, கேமரா ஏன் அங்கே நின்றது, வெட்டு ஏன் அந்த இடத்தில் விழுந்தது, ஒலி என்ன செய்கிறது என்று எழுத வேண்டும். ரசிகனாக இருப்பது இதற்குப் போதாது. ஆர்வம் இருந்தால் தாராளமாக எடுக்கட்டும், மார்க்குக்காக வேண்டாம். இலக்கியம், தத்துவம், சினிமா என எந்தப் பாடமானாலும் தலைப்பைப் பார்த்து மயங்காமல், வாரத்துக்கு எத்தனை பக்கம், எத்தனை கட்டுரை என்று பார்த்து எடுப்பதுதான் புத்தி.

தேவையா என்றால், சேரலாம் என்பேன். சான்றிதழில் ஒரு வரி கூடும் என்பதற்காக அல்ல. நூற்றுக்கணக்கானோர் உட்காரும் முதலாண்டு கம்ப்யூட்டர் வகுப்பில் எந்தப் பேராசிரியருக்கும் இவன் முகம் தெரியாது. 20 பேர் வகுப்பில் தெரியும். மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது அந்த வித்தியாசம் புரியும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் தயங்குவேன். பள்ளியிலேயே ஏ.பி. தேர்வுகள் (கல்லூரி கிரெடிட் தரக்கூடிய அமெரிக்கத் தேர்வுகள்) எழுதி, எல்லாத் துறையினரும் படிக்க வேண்டிய பொதுப்பாடங்களின் கிரெடிட்டுகளை ஏற்கெனவே முடித்திருந்தால், இந்த வகுப்புகள் அவனுக்கு உண்மையிலேயே கூடுதல் சுமையாகலாம். முன்கூட்டியே பட்டம் முடித்துச் செலவைக் குறைப்பது உங்கள் திட்டமென்றால், அது இதனால் தள்ளிப்போகும். ஆகவே கட்டணம் கட்டுமுன் ஆலோசகருக்கு மின்னஞ்சல் அனுப்பி இரண்டைக் கேளுங்கள்: ஹியூமன் ஈவென்ட் வகுப்பின் கிரெடிட்டுகள் அவனுடைய பொதுப்பாடத் தேவையில் எதை நிறைவு செய்கின்றன? இடையில் விலகினால் உதவித்தொகைக்கோ விடுதி இடத்துக்கோ பாதிப்பு வருமா? பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.