செத்தது ஐந்து மாடு, பணம் வந்தது மூன்றுக்கு: மீதிக்குத் தம்பி பெயரில் மனு போடலாமா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையோரம் எங்கள் ஊர். 2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் ஐந்து கறவை மாடுகளை இழந்தோம். கட்டுத்தறியிலேயே செத்துக் கிடந்த மூன்றுக்கு 1,12,500 ரூபாய் நிவாரணம் வந்தது. ஆற்றோடு போன இரண்டுக்கு, உடல் இல்லை என்று கால்நடை மருத்துவர் சான்று தர மறுக்கிறார். எதிர்வீட்டுக்கு முதல் நாளே எழுதிக் கொடுத்த வி.ஏ.ஓ. எங்களை அலையவிட்டார். ஐந்தும் என் பெயரில் ஒரே பாலிசியில் தலா 50,000 ரூபாய்க்கு இன்சூரன்ஸ் செய்தவை. காணாமல் போன இரண்டுக்கும் சேர்த்து 60,000 தருவதாகக் கம்பெனி சொல்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு தம்பி தனி ரேஷன் கார்டு வாங்கிவிட்டான். அந்த இரண்டும் அவனுடையவை என்று மனு போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: மருத்துவர் நாளைக்கே சான்று எழுதிக் கொடுத்தாலும் அந்த இரண்டு மாட்டுக்கு நிவாரணம் வராது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிப்படி கறவை மாடு ஒன்றுக்கு 37,500 ரூபாய். எத்தனை செத்தாலும் ஒரு குடும்பத்துக்கு மூன்று மாடு வரைதான். நீங்கள் உச்சவரம்பை வாங்கிவிட்டீர்கள். வி.ஏ.ஓ. அலையவிட்டதும் எதிர்வீட்டுக்கு முதலில் கிடைத்ததும் இந்தக் கணக்கை மாற்றாது. சிவில் கோர்ட்டுக்குப் போகவும் வழியில்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 71-வது பிரிவு தடுக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம், ஆனால் விதியில் இல்லாத நான்காவது மாட்டுக்கு எந்த உரிமையைக் காட்டுவீர்கள்?

தம்பி பெயரில் மனு வேண்டவே வேண்டாம். வெள்ளம் வந்த அன்று நீங்கள் ஒரே குடும்பம். பிறகு வாங்கிய கார்டைக் காட்டி, பொய் என்று தெரிந்தே நிவாரணம் கேட்டால் அதே சட்டத்தின் 52-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

அதைவிட எனக்குப் பயம் உங்கள் இன்சூரன்ஸைப் பற்றி. என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான், தன் மாட்டை அண்ணன் மாடு என்று தாலுகா அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். நுகர்வோர் ஆணையத்தில் கம்பெனி வக்கீல் அந்த மனுவின் நகலை நீட்டினார். மாட்டின் காதில் அடையாளத்துக்கு மாட்டும் வில்லையின் 12 இலக்க எண் பாலிசியிலும் மனுவிலும் ஒன்றே. மாடு யாருடையது என்று கேட்டபோது அவரால் வாய் திறக்க முடியவில்லை. உண்மையாகச் செத்த மாடு, ஒழுங்காகக் கட்டிய பிரீமியம், எல்லாம் அந்த ஒரு கையெழுத்தில் போயிற்று. உங்களுக்கு ஐந்தும் ஒரே பாலிசி. இரண்டில் பொய் சொன்னால் மற்ற மூன்றையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

அந்த 60,000-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். காது வில்லையைக் காட்டாவிட்டால் பணம் இல்லை என்பது கால்நடை பாலிசிகளில் வழக்கமான நிபந்தனை, உங்கள் கையிலோ அந்த வில்லைகள் இல்லை. மிச்சம் 40,000-க்காக ஆணையத்துக்கு வருஷக்கணக்கில் நடந்தால், பஸ் செலவும் வக்கீல் கட்டணமும் அதில் பாதியைத் தின்றுவிடும்.

பணம் தரும் முன் கம்பெனி கையெழுத்துக் கேட்கும் தீர்வு வவுச்சரை வரிவரியாகப் படியுங்கள். அந்த இரண்டு வில்லை எண்கள் மட்டுமே அதில் இருக்க வேண்டும். 'பாலிசியின் கீழ் முழுத் தீர்வு' என்று இருந்தால், திருத்தித் தரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். மற்ற மூன்று மாட்டின் க்ளெய்மும் அதோடு போய்விடும். தம்பி ஏற்கெனவே மனு கொடுத்திருந்தால் இந்த வாரமே தாசில்தாரிடம் எழுத்தில் திரும்பப் பெற்று, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.