டாஷ்போர்டில் எல்லாம் பச்சை, பேமென்ட் பக்கம் மட்டும் ஏன் நிற்கிறது?

கேள்வி: எங்கள் ஆர்டர் ஆப்புக்குப் பின்னால் 12 ஜாவா மைக்ரோசர்வீஸ்கள் (தனித்தனியாக ஓடும் சிறு புரோகிராம்கள்) ஓடுகின்றன. மாலையில் சிலருக்கு மட்டும் பேமென்ட் பக்கம் 8 விநாடி வரை நிற்கிறது. சிபியு, மெமரி 40 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. சராசரி நேரமும் அரை விநாடிக்குள்தான். லாகில் ஒரு பிழையும் இல்லை. எங்கே தேடுவது?

பதில்: முதலில் அந்தச் சராசரியை நம்பாதீர்கள். 100 ரிக்வெஸ்டில் 98 பேருக்கு 0.2 விநாடி, இருவருக்கு 8 விநாடி என்றால் சராசரி 0.36 விநாடிதான் வரும். அந்த இருவர் கண்ணிலேயே பட மாட்டார்கள். 99ஆவது பர்சென்டைலை, அதாவது நூறில் 99 ரிக்வெஸ்ட் எந்த நேரத்துக்குள் முடிகின்றன என்ற அளவை, வரையுங்கள், உடனே தெரியும். ஒவ்வொரு சர்வீஸும் நூறில் ஒருமுறைதான் தாமதிக்கிறது என்றாலும், ஒரு ஆர்டர் 12 சர்வீஸையும் தொட்டால் நூறில் சுமார் 11 ஆர்டர்கள் எங்காவது மாட்டிக்கொள்ளும்.

அடுத்து, டிரேஸிங். ஒரே ரிக்வெஸ்ட் எந்தெந்த சர்வீஸுக்குள் போனது, எங்கே எவ்வளவு நேரம் இருந்தது என்று கோத்துக் காட்டும் முறை. கூகுள் 2010இல் தன் டேப்பர் அமைப்பைப் பற்றி எழுதிய பிறகு இது பரவலானது. இன்று டிரேஸ் சேகரிக்கும் கருவித்தொகுப்பான ஓபன்டெலிமெட்ரியின் ஜாவா ஏஜென்டைச் சேர்த்தாலே பெரும்பாலான வேலை முடிந்துவிடும், உங்கள் கோட் எதையும் மாற்ற வேண்டாம். டிரேஸ் ஐடியை, அதாவது அந்த ரிக்வெஸ்டின் அடையாள எண்ணை, லாக் வரிகளிலும் அச்சிடச் செய்யுங்கள். 12 இடத்தில் தனித்தனியாகத் தேடும் பாடு போகும்.

சரி, டிரேஸ் கிடைத்ததும் எதைப் பார்ப்பது? டிரேஸ் படத்தில் ஒவ்வொரு கோடும் ஒரு வேலைக்கு ஆன நேரம். நீளமான கோடுகளை விட, கோடுகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். உங்கள் அறிகுறிகளை வைத்து நான் முதலில் சந்தேகப்படுவது டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூலை. டேட்டாபேஸுக்கான இணைப்புகளைத் திறந்து வைத்து மாறி மாறிப் பயன்படுத்தும் தொகுப்பு அது. ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்போடு வரும் ஹிகாரி என்ற பூலில் அதன் இயல்பு அளவு 10. பத்தும் பிடிபட்டிருந்தால் 11ஆவது ரிக்வெஸ்ட் வரிசையில் நிற்கும். நிற்பதற்கு சிபியு செலவாகாது. 30 விநாடி வரை பிழையும் எழாது, இயல்பான டைம்அவுட் அதுதான். 8 விநாடி காத்தவர் லாகில் இல்லாததற்கு இது பொருந்தும் விளக்கம். காத்திருப்போர் எண்ணிக்கையை ஹிகாரி மெட்ரிக்காகவே தரும், அதை டாஷ்போர்டில் ஏற்றுங்கள்.

காரணம் அதுதான் என்றாலும் பூலை உடனே 50 ஆக்கிவிடாதீர்கள், வரிசை டேட்டாபேஸுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். கனெக்‌ஷனை யார் நெடுநேரம் பிடித்து வைத்திருக்கிறார் என்று பாருங்கள். டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டே (அது முடியும்வரை கனெக்‌ஷன் விடுபடாது) பேமென்ட் கேட்வேயை, அதாவது பணம் வசூலிக்கும் வெளிச் சேவையை, அழைக்கும் கோட் பல இடங்களில் இருக்கிறது. மாலையில் கேட்வே சற்று மெதுவானாலே பத்து கனெக்‌ஷனும் மாட்டிக்கொள்ளும். அந்த அழைப்பை டிரான்ஸாக்‌ஷனுக்கு வெளியே எடுங்கள்.

அப்புறம், சேமிப்புச் செலவுக்குப் பயந்து தொடக்கத்திலேயே நூறில் ஒரு டிரேஸை மட்டும் வைத்தால், உங்களுக்கு வேண்டிய அந்த 8 விநாடி டிரேஸ் பெரும்பாலும் குப்பைக்குப் போயிருக்கும். ரிக்வெஸ்ட் முடிந்த பிறகு முடிவெடுக்கும் டெயில் சாம்ப்ளிங்கை, டிரேஸ்களைத் திரட்டும் ஓபன்டெலிமெட்ரி கலெக்டரில் வையுங்கள்: பிழை வந்தவை, 2 விநாடி தாண்டியவை எல்லாம் இருக்கட்டும், மற்றதில் நூறில் ஒன்று போதும். கலெக்டர்கள் பல இருந்தால், ஒரு டிரேஸின் எல்லாத் துண்டுகளும் ஒரே கலெக்டருக்குப் போகும்படி அமைக்க வேண்டும்.